மண்டையோடு இல்லாத மருந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். கத்தரிச் செடிகள் நலமில்லை. நீங்களும் என் மகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

இருந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் மூன்று வருடமாகப் பாடுபட்டுச் செய்த, வெள்ளை ஈயைக் கொல்லும் பூஞ்சாணப் பொடிக்கு அனுமதி கிடைப்பது என் வயல் சோதனையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அரை ஏக்கர் கத்தரியைக் கொடுத்தேன். ஆனால் நேற்று சோதனையைப் பார்க்க ஆய்வாளர் அம்மா வந்து ஓர் இலையைத் திருப்பியதும் வெள்ளை ஈ புகை மாதிரி எழும்பியது. அந்த அம்மா தும்மினார். பிறகு 'பலன் இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். இதில் என் தவறு ஒன்றுமில்லை என்று விளக்கவே இக்கடிதம்.

முதல் தவறு உங்களுடையது. பாக்கெட்டில் மண்டையோட்டுப் படம் இல்லை, திறந்தால் நாற்றம் இல்லை, கையில் பட்டால் கழுவினால் போதும் என்கிறாள் மகள். என்னை ஒன்றும் செய்யாதது ஈயை மட்டும் என்ன செய்துவிடும் என்று ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வராதா? அரசாங்கம் வேறு ஆபத்து குறைந்த மருந்து என்று சொல்லி உங்களுக்குத் தனி ஜன்னல், பாதிப் படிவம், பாதிக் கட்டணம் என்று சலுகை கொடுத்திருக்கிறது. பாதிப் படிவத்தில் வந்தது பாதி வேலைதானே செய்யும்? மீதிப் பாதியை நான் பார்த்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குத்தான் இந்த விசாரணை:

"பொடிய எங்க வச்சிருந்தீங்க ஐயா?"

"மோட்டார் கொட்டகைல, தகரப் பெட்டில பூட்டி வச்சேம்மா. மருந்துன்னா பூட்டணுமில்ல?"

"அந்தப் பெட்டிய தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"சுடும்."

"எப்ப அடிச்சீங்க?"

"உச்சி வெயில்ல. ஈ ஓடி ஒளிய நிழல் இருக்கக் கூடாது பாருங்க."

அந்த அம்மா பேனாவை மூடினார். "வேற எதையும் கலக்கலையே?"

"சும்மா வீரியத்துக்கு ரெண்டு கரண்டி பூஞ்சாணக்கொல்லி."

"பூஞ்சாணத்தோட பூஞ்சாணக்கொல்லியா!" வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது உயிருள்ள சாமான் ஐயா. பெட்டில வச்சு அவிச்சு, தப்பிச்சதுக்கு விஷமும் வச்சிருக்கீங்க. பாக்கெட்டோட வந்த தாள்ல போட்டிருந்தாங்களே, படிக்கலையா?"

"நாப்பது வருஷமா மருந்தடிக்கிறேன். தாள் வேணா என்னைப் படிக்கட்டும்."

சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

ஆகவே பொடி உதவாது, மாப்பிள்ளை. பழைய வேலைக்கே திரும்பிவிடுங்கள். நான் சொன்னால் சொன்னதுதான். மகளுக்கு என் ஆசி, குழந்தைக்கு ஒரு முத்தம், உங்களுக்கு என் வருத்தம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே நினைக்கும் மாமனார்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டு உள்ளே போனேன். என்ன எழுதினேன் என்று உங்கள் அத்தை கேட்டாள், சொன்னேன். என் கையைப் பிடித்துச் சமையலறைக்குப் பின்னால் இழுத்துப்போனாள். அங்கே அவளுடைய மூன்று வரிசைக் கத்தரி. இரண்டு வரிசையில் ஈக்கள் வெள்ளைப் பூஞ்சை போர்த்திச் செத்துக் கிடந்தன. மூன்றாவதில் அதே புகை.

"மக எனக்கும் ஒரு பாக்கெட் குடுத்தா. குளிர்பெட்டில பாலோட வச்சிருந்தேன். வெயில் தாழ, துணி தேய்க்கத் தண்ணி தெளிக்கிற புட்டில அடிச்சேன். மூணாவது வரிசைக்கு வர்றதுக்குள்ள கை வலிச்சுது, விட்டுட்டேன்."

"யார் சொல்லிக்குடுத்தா?"

"தாள்ல போட்டிருக்கே."

ஆய்வாளர் அம்மாவை மறுபடி வரவழைத்தோம். இலை இலையாக எண்ணிவிட்டு, "ஒப்பிட்டுப் பாக்க ஒரு வரிசைய அடிக்காம விட்டீங்க பாருங்க, அதாம்மா சோதனை" என்று மெச்சினார். இவளும் தெரிந்தே விட்டவள் மாதிரி தலையாட்டினாள். உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளாமல் மறுசோதனைக்கு எழுதியிருக்கிறார். வயல் என்னுடையது, பொறுப்பாளர் உங்கள் அத்தை. அதற்குக் கீழே 'உதவியாள்' என்று ஒரு கோடு இருந்தது, அதில் நான் கையெழுத்துப் போட்டேன். பூஞ்சாணக்கொல்லி ஒட்டியிருந்த தெளிப்பான் தொட்டியை இதுவரை மூன்று முறை கழுவியாயிற்று. நான்காவது முறைக்கு உத்தரவு வந்திருக்கிறது.

எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை; நல விசாரிப்பை வைத்துக்கொண்டு மற்றதை நீங்களே கிழித்துவிடுங்கள். பழைய வேலைக்குப் போக வேண்டாம். ஆனால் பாக்கெட்டில் படம் வேண்டும் என்பதில் நான் இம்மியும் மாறவில்லை. மண்டையோடு வேண்டாம், என் படத்தைப் போட்டு, 'இவருக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று எழுதுங்கள். தொப்பி வைத்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன்.