பதினோராவது பிரகடனம்

கலைக்களஞ்சியப் பதிப்பகத்தின் அறையில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியர், வரலாற்றுப் பிரிவின் உதவி ஆசிரியர், வரைபடக்காரர், மெய்ப்பு பார்க்கும் அம்மா. இவர்கள் போக, ஒரே எதிரிமேல் போர் அறிவித்த பதினொரு நாடுகள். நாடுகள் காகிதத்தில்தான் இருந்தன. ஆனாலும் மற்ற நால்வரையும் மூச்சுவிட முடியாமல் செய்திருந்தன.

“இந்தப் பதினோராவது மட்டும் ஏன்யா துருத்திக்கிட்டு நிக்குது?” என்றார் தலைமை ஆசிரியர்.

உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்தான். கலைக்களஞ்சியத்தின் பழைய பதிப்பில் ஒவ்வொரு நாட்டின் போர்ப் பிரகடனமும் தனிக் கட்டுரை. பதினொன்றும் ஒரே மாதிரி, பதினொரு பேர் எழுதிய விடுப்புக் கடிதம் போல. புதிய பதிப்புக்காக அவன் எல்லாவற்றையும் ஒரே கட்டுரையாக்கி, தேதி வரிசையில் அட்டவணை போட்டிருந்தான். தனித்தனியாக இருந்தவரை யார் கண்ணிலும் படாதது இப்போது பளிச்சென்று தெரிந்தது. எதிரி சரணடைந்தது பன்னிரண்டாம் தேதி. பதினோராவது நாடான ஒரு குட்டித் தீவு போர் அறிவித்தது பதினாறாம் தேதி.

“சண்டை முடிஞ்சு நாலு நாள் கழிச்சு யார் மேல போர் அறிவிச்சாங்க?”

“தோத்தவங்க மேலதான் சார்.”

“ரொம்பத் தைரியம். அஞ்சு மணிக்கு அச்சுக்கூடத்தப் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள சரியான பக்கம் உள்ள போகணும். போகலேன்னா நாளைலேருந்து நீ வர வேண்டாம்.”

அவனுடைய தற்காலிக மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இதற்கு முன் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். இரண்டு வருடம் உறைந்த மீன்களைக் காத்தான். ஒரு மீன்கூடத் தப்பிக்க முயலவில்லை. இந்த வேலை போனால் மறுபடி அங்கேதான்.

மணி இரண்டு. தீவை அட்டவணையிலிருந்து தூக்கி அடிக்குறிப்பில் போட்டான். அடிக்குறிப்பு மொட்டையாக இருந்ததால் ஒரு வரி சேர்த்தான்: ‘இத்தீவுடன் யாரும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டதாகத் தெரியவில்லை.’

வரைபடக்காரர் அதைப் படித்தார். “அப்போ சண்டை இன்னும் நடக்குதா?”

“சட்டப்படி பார்த்தா… ஆமாண்ணே.”

“‘போருக்குப் பின்’னு மூணு நாளா உக்காந்து படம் வரைஞ்சிருக்கேனே, அத என்ன பண்ண?”

“தலைப்ப மட்டும் மாத்திடுங்கண்ணே.”

“மாத்தறேன். தீவு எங்க இருக்குன்னு சொல்லு, அதையும் போட்டுடறேன்.”

பழைய பதிப்பைப் புரட்டினான். “‘தெற்கே’ன்னு இருக்கு.”

“எதுக்குத் தெற்கே?”

“அது எழுதல.”

வரைபடக்காரர் பேனாவை மூடினார். “உனக்கு எதிரி வெளிய இல்லடா.”

அடிக்குறிப்பை அடித்துவிட்டு அலமாரிக்கு ஓடினான். எதிர்த்தெரு நிறுவனம் போன வருடம் போட்ட கலைக்களஞ்சியம் அங்கே இருந்தது. அதிலும் அதே தீவு, அதே பதினாறாம் தேதி. இரண்டு புத்தகங்கள் சேர்ந்து ஒரே தப்பைச் செய்யுமா? செய்யாது. அப்படியானால் தீவு சரி. சரணடைந்த தேதிதான் தப்பு. சரணாகதியைப் பதினேழுக்குத் தள்ளினான்.

பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு.

சரணாகதியில் கையெழுத்துப் போட்ட ராஜா பதினான்காம் தேதியே செத்திருந்தார். பிணம் கையெழுத்துப் போடாது. அவரைப் பதினெட்டுவரை உயிரோடு வைத்தான். மகனுக்கோ பதினைந்தாம் தேதியே முடிசூட்டியாகிவிட்டது. ஒரு நாற்காலியில் இரண்டு ராஜா. முடிசூட்டு விழாவை இருபதுக்குத் தள்ளினான். விழாவன்று விடுதலையான கைதிகள் இன்னும் ஐந்து நாள் உள்ளே கிடந்தார்கள். பத்து நாடுகளும் ஐந்து நாள் கூடுதலாகச் சண்டை போட்டன. அந்த ஐந்து நாளில் எத்தனை பேரைச் சாகடிப்பது என்று பென்சிலைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது மணி நாலரை.

வேறு வழியில்லாமல் பக்கத்தை மெய்ப்பு அம்மாவின் மேசையில் வைத்தான். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். தன் மேசைக்கு வராத பக்கத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அம்மா படித்தார். “ராஜாவ ஏன் தம்பி நாலு நாள் இழுத்துக்கிட்டுக் கிடக்க வெச்சே? பாவம், போகட்டும் விடு.”

சிவப்பு மையில் ராஜாவைப் பதினான்காம் தேதியே அனுப்பிவைத்தார். மகனுக்கு முடிசூட்டினார். கைதிகளைத் திறந்துவிட்டார். சரணாகதி பன்னிரண்டுக்குத் திரும்பியது. பத்து நாடுகளை ஒரே கட்டுரையில் விட்டுவிட்டு, தீவுக்கு மட்டும் பழையபடி தனிக் கட்டுரை எழுதினார். எதையும் பார்த்து எழுதவில்லை. இடம்கூட அதே ‘தெற்கே’தான்.

“அம்மா, அதை மட்டும் ஏன் தனியா…”

“நடந்துகிட்டே பேசு. மணியப் பாரு.”

நடையின் கோடியில் அச்சுக்கூடம். அச்சுக்காரர் சாவியோடு வாசலில் நின்றார். தலைமை ஆசிரியர் பக்கத்தை வாங்கி முழுதும் படித்தார்.

“தேதியெல்லாம் சரியா இருக்கு. ஆனா பத்து நாடு ஒண்ணா, இது மட்டும் தனியா. ஏன்? காரணம் சொன்னாத்தான் உள்ள போகும்.”

உதவி ஆசிரியர் அச்சுக்காரரின் சாவியைப் பார்த்தான். உறைந்த மீன்கள் வரிசையாகக் கண்முன் வந்து போயின. “காரணம் தெரியல சார். ஆனா தீவு தப்பில்ல. எதிர்த்தெரு புத்தகத்துலயும் அப்படியே இருக்கு.”

அம்மா சட்டென்று திரும்பினார். “அவங்க புத்தகத்துலயா? அதே தேதியா?”

“ஒரு வார்த்தை மாறலம்மா. ‘தெற்கே’ உட்பட.”

அம்மா சிரித்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து அவன் பார்த்ததில்லை. “சார், இவன வேலைல நிரந்தரமா வெச்சுக்குங்க. முப்பது வருஷமா சிக்காத திருடனப் பிடிச்சிருக்கான்.”

“எந்தத் திருடன்மா?”

“அப்படி ஒரு தீவே கிடையாது சார். நம்மளப் பாத்துக் காப்பியடிக்கிறவன் மாட்டணும்னு பழைய ஆசிரியர் பொய்யா ஒரு நாடு கேட்டார். மத்ததோட சேத்தா தேதி காட்டிக்குடுத்துடும், அதான் தனியா. எங்க வீட்டுக்காரர நெனச்சு நான்தான் எழுதினேன், அவருக்கும் சண்டை முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தான் கோவம் வரும்.”

தலைமை ஆசிரியர் பக்கத்தை நீட்டினார். அச்சுக்காரர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளேயிருந்து பூட்டப்பட்டது.