கேக்குதா அண்ணன் பார்த்துக்கொண்ட லைன்

புகார் கொடுத்தும் வராத லைன்மேன்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புகார் கொடுப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கும் லைன்மேனைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் எங்கள் காரைக்கால் தெருக்காரர்கள் மட்டும்தான். நியாயமாக நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் பயந்தோம்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'கேக்குதா அண்ணன்'. டெலிபோன் கம்பியில் கிளிப்பை மாட்டி, ஒரு சின்ன ரிசீவரை நம் காதில் வைத்து "கேக்குதா?" என்பார். நமக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் "கேக்குதுங்க" என்று சொல்லிவிடுவோம். இல்லையென்றால் கண் இமைக்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் வீட்டிலிருந்தபடியே பிரெஞ்சுச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து அனுப்புகிறவள். கல்யாணமாகி வந்த வருடமே டெலிபோன் கம்பியில் வரும் டி.எஸ்.எல். இன்டர்நெட் போட்டுக்கொண்டோம். மோடத்தில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் எனக்கு வேலை ஓடும். சிமிட்டினால் போச்சு. சனிக்கிழமையென்றால் கட்டாயம் சிமிட்டும்.

"திருநள்ளாறு பக்கத்துல இருந்துக்கிட்டு சனிக்கிழமை நெட் வரலைன்னா, யார்கிட்ட போய்ச் சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு" என்றார் என் கணவர். போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை மோடத்தின் விளக்கு அடியோடு அணைந்தது. புகார் சொல்லலாமென்று செல்போனைக் கையில் எடுத்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் அவர். ஒல்லி உடம்பு, இடுப்பில் தொங்கும் ரிசீவர்.

"இப்பதானே லைன் விட்டுச்சு?"

"ஆமாங்க. நான் இன்னும் புகாரே கொடுக்கலையே."

"காலையிலேயே உங்க லைன் மூச்சு வாங்கிச்சும்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

இப்படி ஒன்றா இரண்டா. வெயில் கொளுத்தும் ஒரு மத்தியானம், மாடியில் காயும் துணியை எடுத்துவிடச் சொன்னார். "குரும்பகரம் லைன்ல கரகரன்னுது. அங்க மழை இறங்கிடுச்சு" என்றார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் இங்கேயும் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்மணி போனில் நாத்தனாரைத் திட்ட வேண்டுமென்றால், தெருமுனையில் இருக்கும் டெலிபோன் பெட்டி திறந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். திறந்திருந்தால் நாத்தனார் தப்பித்தாள்.

ஒரு ஐப்பசி மாத மழை. மின்சாரம் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே வீடெல்லாம் இருண்டு கிடந்தது. கேக்குதா அண்ணன் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார்.

"மதாம் எங்கம்மா?"

மதாம் என்றால் எதிர்வீட்டு அம்மா. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர்.

"வீட்டுலதான் இருப்பாங்க. இந்த மழையில எங்க போகப்போறாங்க?"

அவர் என்னைத் தெருமுனைப் பெட்டிக்கு அழைத்துப் போனார். ரிசீவரை என் காதில் வைத்தார். "கேக்குதா?"

அத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கேட்டது. முதலில் நீளமாக ஓர் இழுப்பு, காற்று மாதிரி. பிறகு தட், தட். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு தட். கம்பிக்குள் அடைபட்ட யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. ரிசீவரைக் கீழே போட்டுவிட்டேன்.

"மதாம் வீட்டு லைன். பத்து மணிக்கே போன் எடுத்தபடி கிடந்துச்சு. சரியா வைக்கலை போலன்னு விட்டுட்டேன். இப்பதான் தட்டுறது கேக்குது."

ஓடினோம். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டதற்குப் பதிலில்லை. கொல்லைப்பக்கம் போய் அடுப்படிக் கதவைத் தோளால் மூன்று முறை இடித்தார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

கூடத்தில் மதாம் தரையில் கிடந்தார். விழும்போது போன் வயரையும் சேர்த்து இழுத்திருக்கிறார். ரிசீவர் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மோதிர விரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் வந்த பிறகும் அது நிற்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மதாம் மெல்லக் கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தார். "ஊரையெல்லாம் கேக்குதா கேக்குதான்னு கேப்பீங்களே. உங்களுக்குக் கேக்க இவ்வளவு நேரமா?"

கேக்குதா அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "பத்து மணிக்கே வந்திருக்கணும் மதாம்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு மதாம் வாக்கரோடு வீடு திரும்பினார். ஒருநாள் தைரியம் வந்து கேக்குதா அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"நாங்க பேசறதெல்லாம் கேப்பீங்களா?"

"ஐயோ, அது பாவம்மா. யாரும் பேசாத நேரத்துல லைன் எப்படி இருக்குன்னுதான் தினமும் கேப்பேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம் இருக்கு."

"எங்க வீடு எப்படி?"

"கொஞ்சம் அவசரம்" என்றார். என் கணவர் அதற்கு ஒரு வாரம் சிரித்தார்.

பிறகு தெருவுக்கு ஃபைபர் வந்தது. வீடு வீடாக மாறினார்கள். மதாமும் மாறினார். கடைசியில் அந்தப் பெட்டியில் உயிரோடு இருந்தது எங்கள் லைன் ஒன்றுதான். என் கணவரின் ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் அவர் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். "ஏன் மாத்த மாட்டேங்கறே?" என்று கேட்பார். அடுத்த மாதம் என்பேன். அப்படியே மூன்று வருடம் ஓட்டினேன். எங்கள் லைனும் போனால் கேக்குதா அண்ணனுக்கு இந்தத் தெருவில் வேலையில்லை. அதை எப்படிச் சொல்வது?

ஓய்வு பெற்ற நாளன்று அவரே வந்தார்.

"இனிமே மாத்திக்குங்கம்மா. எனக்காக ரொம்ப நாள் கஷ்டப்பட்டுட்டீங்க."

நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாளே ஃபைபருக்கு எழுதிக் கொடுத்தேன். வேகம்தான், மறுப்பதற்கில்லை. வாரத்து வேலையெல்லாம் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை மதாமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நெடுங்காட்டில் இருக்கும் கேக்குதா அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவரே காபி போட்டுக் கொடுப்பார். காபி சுமார்தான். இருந்தாலும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடிக்காமல் நாங்கள் எழுந்திருப்பதில்லை.