பாதி பென்ஷனை வேண்டாம் என்ற ரொவீனா

ஃபயட்வில், வட கரோலினா
மார்ச் 19

என் அன்புள்ள லொரெட்டா அக்காவுக்கு,

தம்பி டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மழை வருவதற்கு முந்தின நாள் முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. இடுப்பு அறுவைக்குப் பிறகு ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஹோமர் அத்தான் கேட்கப் போவதில்லை, ஆகவே ஏணியை ஒளித்து வை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் ரொவீனாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவ நல்ல பொண்ணுடா" என்று நீ இரண்டு முறை சொன்னாய். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது முறை எதற்கு என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். அவள் உன்னைக் கூப்பிட்டாளா, என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்பதை விவரமாக எழுது. அதற்கு முன் இங்கே நடந்ததை என் வாயாலேயே நீ கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பிரிந்தது போன ஏப்ரலில். பெரிய சண்டை எதுவும் இல்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு எனக்கு வேலை இல்லாமல், சமையலறை அலமாரியைப் படைக் கிடங்கு மாதிரி ஒழுங்குபடுத்தி, எந்தக் குவளை எங்கே இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதி ஒட்டினேன். அவள் கடைக்குப் போய்வர நாற்பது நிமிடம் போதுமே, இன்று ஏன் ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேட்டேன். சந்தேகம் இல்லை அக்கா, நேரத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான். பதினோராவது மாதம் அவள் அந்தப் பட்டியலைக் கிழிக்காமல் பொறுமையாக உரித்தெடுத்து என் கையில் கொடுத்தாள். "டெல்பர்ட், இத்தனை வருஷமா நீ இல்லாம இருக்கப் பழகிட்டேன். நீ இருக்கும்போது எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பிடித்துப் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பிரிக்க வேண்டியது இந்த வீடு, இரண்டு வண்டி, என் பென்ஷன், அவ்வளவுதான்.

இங்கே முன்னாள் படைவீரர் மன்றத்தில் பர்விஸ் என்று ஒருவர் இருக்கிறார். பீரங்கிப் படையில் இருந்தவர், மூன்று விவாகரத்து கண்டவர். மூன்றாவது முடிந்தபோது பென்ஷனில் தனக்கு மிஞ்சியது வாலும் தோலும்தான் என்பார். அவர் என்னை உட்காரவைத்து, "கேளு டெல்லு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உனக்கு. அதுல பத்தொம்பது வருஷம் அவ உன் பொண்டாட்டி. பத்து வருஷம் தாண்டினாலே சம்பள ஆபீஸ்காரன் அவ பங்க நேரா அவளுக்கு அனுப்பிடுவான், உன் கண்ணுல கூடக் காட்டமாட்டான். போருக்குத் தயாராகு" என்றார். நானும் தயாரானேன். இருபத்திரண்டு வருடத்துக் காகிதத்தை மூன்று பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வண்ணச் சீட்டு ஒட்டி, டில்லரி என்ற வக்கீல் பெண்ணிடம் கொண்டுபோய் வைத்தேன். அவள் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. எதிர்த்தரப்பிலிருந்து வந்த ஒரே ஒரு தாளை எடுத்துப் படித்தாள். ரொவீனாவுக்குப் பென்ஷனில் பங்கு வேண்டாம். வீட்டிலும் வேண்டாம். அவளுடைய கார் போதும், கூடவே கொட்டகையில் இருக்கும் ஃப்ரீசர் பெட்டி.

இடிந்துபோனேன் அக்கா. பாதி கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். முக்கால் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபம் எனக்குப் பழக்கம். வேண்டாம் என்று சொல்கிறவளை எந்தப் பக்கத்திலிருந்து தடுப்பது? "இதுல என்ன சூழ்ச்சி இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றேன். டில்லரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மிஸ்டர் காகின்ஸ், சில பேரு வேண்டாம்னா அதுக்கு அர்த்தம் வேண்டாம்கறதுதான்" என்றாள். சின்னப் பெண், உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மன்றத்தில் இதைச் சொன்னதும் பர்விஸ், "ஃப்ரீசர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு அவமானம். அன்றைக்கே மின்சாரத்தைப் பிடுங்கி, உள்ளே இருந்த மான்கறிப் பொட்டலங்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, அடித்தட்டைக் கழற்றி, சுவர்த் தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தகட்டைத் திரும்பப் பூட்டுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது, கறி முழுவதும் இளகிவிட்டது. இரண்டு மான் அக்கா, இந்தப் பருவத்தில் நானே சுட்டது. மன்றத்துக்குத் தூக்கிப்போய் மூன்று நாள் எல்லோருக்கும் குழம்பும் வறுவலுமாக ஆக்கிப் போட்டேன். நான்காம் நாள் பர்விஸ் உட்பட ஆறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டார்கள்.

வயிறு தேறியதும் பர்விஸுக்கு அடுத்த யோசனை வந்தது. "வேற ஒருத்தன் இருக்கான் டெல்லு. காசுள்ளவன். உன் பாதி அவளுக்குச் சில்லறையாத் தெரியுது." நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஒரு முறை பார்த்துவிடுவதில் என்ன நஷ்டம் என்று செவ்வாய்க்கிழமை அவள் காருக்குப் பின்னால் போனேன். கண்காட்சி மைதானத்துக் காலி இடத்துக்குப் போனாள். அங்கே கையில் அட்டையும் பேனாவுமாக வெள்ளை மீசைக்காரர் ஒருவர் நின்றார். இருவரும் சிரித்துப் பேசிவிட்டு அங்கிருந்த ஒரு கட்டிடத்துக்குள் போனார்கள். வியாழக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாய் அவளுக்கு முன்பே நான் போய், ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக வைத்திருந்த ஓர் இடத்தில், புதர் மறைவாக இருக்கிறதே என்று என் பிக்கப் வண்டியை நிறுத்தி, இருக்கையில் சரிந்து படுத்துக்கொண்டேன். கூம்பு வைத்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் படையாட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கொஞ்ச நேரத்தில் பின்னோக்கி வரும் வண்டி போடும் கீச்சொலி கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மஞ்சள் நிறம். பள்ளிக்கூட பஸ். என் முன்பக்கத்தை அது நிதானமாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

பஸ்ஸிலிருந்து ரொவீனா இறங்கினாள். பின்னாலேயே மீசைக்காரர் இறங்கி, அட்டையில் ஏதோ எழுதினார். முந்தின செவ்வாயும் வியாழனும் அவர் நடத்திய பஸ் ஓட்டும் வகுப்பு, அன்று அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. அவரேதான் தேர்வாளரும்.

"நின்னுட்டிருந்த வண்டி மேல மோதினா விதிப்படி தோல்விதான் மேடம். மூணு வாரம் கழிச்சுத் திரும்ப வாங்க" என்றார்.

ரொவீனா என்னையும் நசுங்கிய வண்டியையும் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "இவ்வளவு பெரிய மைதானத்துல உனக்கு வேற எடமே கெடைக்கலையா டெல்பர்ட்?" என்று மட்டும் கேட்டாள். அப்படிக் கேட்டுவிட்டு, சாய்ந்து கிடந்த ஒரு கூம்பை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஓடவும் எனக்கு யோக்கியதை இல்லை.

பிப்ரவரியில் மத்தியஸ்தம். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர் நடுவில் உட்கார, இரண்டு பக்கமும் நாங்களும் வக்கீல்களும். எல்லாரும் கேட்காமல் விட்ட கேள்வியை அந்த அம்மாள் முதலிலேயே கேட்டார்: "பென்ஷன்ல உங்களுக்கு நியாயமா வர்றத ஏம்மா வேண்டாங்கறீங்க?"

ரொவீனா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவருக்கு மாத்தல் வரும்போதெல்லாம் நானும் வேலைய விட்டேன். பல் டாக்டர்கிட்ட, பாங்க்ல, பள்ளிக்கூடச் சமையல்ல. பதினோரு வீடு மாறினோம். எங்கயும் பென்ஷன் வர்ற அளவுக்கு நான் நின்னதில்ல. ராணுவம் எனக்குக் குடுத்த அட்டைல என் பேருக்குக் கீழ என்ன போட்டிருந்தான் தெரியுமாம்மா? சார்ந்திருப்பவர். இப்ப நாப்பத்தாறு வயசு. பள்ளிக்கூட பஸ் ஓட்டினா என் பேர்ல ஒரு பென்ஷன் வரும். மாசாமாசம் இவரோடதுல பாதி வந்தா நான் மறுபடியும் அந்த அட்டைதான்."

"அப்ப அந்த ஃப்ரீசர்?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"ஒக்லஹோமால என் மொத சம்பளத்துல வாங்கினது. நீ அப்ப பாலைவனத்துல இருந்த."

நான் போருக்குப் போய்ப் பாலைவனத்தில் இருந்த பதினைந்து மாதத்தில்தான் அவள் அப்பா இறந்தார். தனியாக அடக்கம் செய்தாள். தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் வெடித்ததும், வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரு லாரியில் ஏற்றி அவளே கேன்ஸஸுக்கு ஓட்டிப் போனதும் அந்த மாதங்களில்தான். எல்லாம் கடிதத்தில் படித்து, பதிலுக்கு அங்கே வெயில் எவ்வளவு என்று எழுதினேன்.

"பாதிய அவ பேருக்கு எழுதுங்க" என்றேன். டில்லரி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். ரொவீனா நிமிர்ந்து கண்ணைச் சுருக்கி, "எதுக்கு?" என்றாள். "உன்னோடது, அதான்" என்றேன். "திடீர்னு எதுக்கு? பர்விஸ் என்ன சொல்லிக்குடுத்தான்?" என்றாள். நான் கொடுக்கிறேன் என்க, அவள் வேண்டாம் என்க, இரண்டு வக்கீல்களும் எந்தப் பக்கம் வாதாடுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி அம்மாள் பேனாவை மூடினார். "இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். வேணும் வேணும்னு அடிச்சுக்கிட்டவங்களத்தான் பாத்திருக்கேன். நான் போய்ச் சாப்பிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அன்று ஒன்றும் முடியவில்லை. நான் எதையோ ஒளிக்கிறேன் என்று ரொவீனாவின் வக்கீல் என் மூன்று பெட்டிக் காகிதத்தையும் கேட்டு வாங்கிப் போனார். அதோடு விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்ப்புறம் அவள் கார். உள்ளே சரிந்து உட்கார்ந்து என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். அக்கா, இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவன் சொல்கிறேன், அவளுக்கு மறையத் தெரியவில்லை. அன்று மன்றத்தில் பொரித்த மீன். ரொட்டிக்குள் இரண்டு துண்டு வைத்து எடுத்துப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"பர்விஸ் உள்ள இருக்கானா?" என்றாள்.

"இருக்காரு. பாதியக் குடுக்கறேன்னு சொன்னதுலேர்ந்து என்னோட பேசறதில்ல. ஆம்பள குலத்துக்கே துரோகம் பண்ணிட்டேனாம்."

மீனை வாங்கிக்கொண்டாள். "உண்மையச் சொல்லு. எதுக்குக் குடுக்கற?"

"நான் அங்க இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு சர்வீஸ்ல ஏறிச்சு ரொவீனா. அதே நாள்ல நீ இங்க லாரி ஓட்டின. அது எதுல ஏறிச்சு?"

மீனை முழுவதும் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "யோசிக்கறேன்" என்று காரைக் கிளப்பினாள்.

மறு தேர்வு நாளன்று நான் மைதானத்து வாசலில் காலையிலிருந்தே நின்று, உள்ளே நுழையப் பார்த்த இரண்டு கார்களையும் ஓர் ஐஸ்கிரீம் வண்டியையும் திருப்பி அனுப்பினேன். தேறிவிட்டாள். ஒரு வாரம் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு. மணவாழ்க்கை ஆண்டுகளுக்கான பென்ஷனில் பாதி அவளுக்கு. ஃப்ரீசரை நானே கொண்டுபோய் இறக்கினேன். அடுத்த மாதம் தீர்ப்பு வந்துவிடும்.

ஆகவே அக்கா, எல்லாம் மரியாதையாக முடிந்துவிட்டது. நடுவில் புகுந்து சேர்த்துவைக்கிறேன் என்று நீ கிளம்ப வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் தெளிவாக இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கர்த்தர் துணை. அத்தானுக்கு என் வணக்கம். அந்த இரண்டாவது "நல்ல பொண்ணு"க்கு விளக்கம் மறக்காமல் எழுது.

அன்புத் தம்பி,
டெல்பர்ட் காகின்ஸ்

பி.கு.: ஏப்ரல் 6. தபால்தலை இல்லாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் ஒரு விஷயம். ரொவீனாவுக்குக் கொடுத்திருக்கும் பஸ் எங்கள் தெரு முனையிலிருந்துதான் விடிகாலையில் கிளம்புகிறது. ஆற்றுப் பாலத்தைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரம். பாலம் திறக்கும் வரை இங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வாரத்துக்கு முன் பெட்டியோடு வந்தாள். முதல் இரண்டு நாள் விருந்தினர் அறையில் இருந்தாள். இந்த மாநிலத்தில் ஒரு வருடம் முழுசாகத் தனித்தனிக் கூரையின் கீழ் இருந்தால்தான் விவாகரத்து தருவார்கள். நடுவில் சேர்ந்து குடும்பம் நடத்தினால் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். எங்களுக்குப் பாக்கி இருந்தது ஐந்து நாள். நேற்று டில்லரி போன் செய்து, "இன்னும் தனித்தனியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டபோது, சமையலறையிலிருந்து ரொவீனா, "டெல்பர்ட், அந்த நீலக் குவளைய எங்க வெச்ச?" என்றாள். டில்லரி, "சரி, புரிஞ்சுது" என்று போனை வைத்துவிட்டாள். மறுபடியும் என்னோடு பேசத் தொடங்கிவிட்ட பர்விஸ் வேறு, தான் போன ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பாலத்தின் மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறார். இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.