அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்டது

ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்கிறவன் வழியில் கொஞ்சம் தின்றுவிடுவான். நான் முக்காலையும் தின்றவன். அதுவும் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று.

எழுபதுகளின் கடைசி. ராயப்பன்பட்டியில் இருந்தோம். லூர்து அக்காவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பாள், எழுதப் படிக்கத் தெரியும், மூன்று தெருவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். வீட்டிலேயே நன்றாகக் கைஜாடை தெரிந்தவன் நான். (அப்படி நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

தேனியிலிருந்து மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். மூவரும் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில் முகம் இருட்டாகத் தெரிந்தது. பெரியப்பாவின் மீசை மேலுதட்டை மூடியிருந்தது. வாய் நிறைய வெற்றிலை வேறு. மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். போதாததற்குப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கா எந்த உதட்டைப் படிப்பாள்? “கொஞ்சம் இப்படித் திரும்பி உட்காருங்க” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஜ்ஜித் தட்டு என் பக்கம் இருந்தது.

“கல்யாணத்துக்கப்புறம் தையல் வேணாம். எங்க வீட்டுப் பொம்பளைக ஊருக்குத் துணி தைக்கிறதில்ல. மிசின வேற யாருக்காச்சும் குடுத்துருங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா பத்து நிமிடம் விளக்கினார்.

அக்கா என்னிடம் ‘என்ன?’ என்று கையை அசைத்தாள்.

‘உன்னைப் பிடித்திருக்கிறதாம்.’

‘இவ்வளவு நேரம் பேசினார்களே?’

‘அவ்வளவுதான்.’

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவாள். வாழ்நாள் முழுக்க ‘என்ன, என்ன’ என்று கேட்டு அலுத்துப்போனவள் வேறென்ன செய்வாள்? அன்றும் தலையாட்டினாள்.

“பொண்ணே சரின்னுருச்சு!” என்று பெரியப்பா எழுந்தார். வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்குள் அவருக்கு அவசரம். நேராகத் தையல் மிஷினிடம் போய், “நம்ம கடைசி மக கேட்டுக்கிட்டிருந்தா, அவளுக்கே ஆகட்டும்” என்று அதன் பெல்ட்டைக் கழற்றினார்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாயில் பஜ்ஜியோடு எல்லாவற்றையும் ஜாடையில் சொல்லி முடித்தேன். (என் வாழ்க்கையில் நான் முழுதாகச் சொன்ன முதல் சேதி.)

“வேணாம்!” என்று கத்தினாள். வெளியாட்கள் முன்னால் அவள் குரல் எடுப்பதே இல்லை. பெரியப்பா பெல்ட்டோடு அப்படியே நின்றார். அக்கா மிஷின் மேலிருந்த, துணியில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் எழுதினாள்: ‘என்னைக் கேட்டீர்களா?’

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மண்டி போட்டார். சாக்குக்கட்டியை வாங்கி அதற்குக் கீழே எழுதினார்: ‘என்னையும் கேட்கவில்லை.’

அப்புறம் இருவரும் மாற்றி மாற்றி எழுதினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “ஏலே, என்னலே எழுதுற? சத்தமாச் சொல்லுலே!” என்று தவித்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது, மிஷினும் அக்காவோடு தேனிக்குப் போனது. எங்கள் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மச்சான் ஜாடை கற்றுக்கொண்டு முதல் வேலையாக எனக்கு ஒரு பெயர் வைத்தார்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு கிள்ளு. ‘துளியூண்டு’ என்று அர்த்தம். என் பேரன் வரைக்கும் எனக்கு அதுதான் பெயர். மாற்றச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அக்கா தன் காது கேளாத தோழிகள் ஏழு பேரிடம் என்னை அந்தக் கிள்ளால் அறிமுகப்படுத்தினாள். ஏன் அந்தப் பெயர் என்று ஒருத்தி கேட்க, அக்கா கால்மணி நேரம் கையாலேயே கதை சொன்னாள். ஏழு பேரும் இடையில் புகுந்து கேள்வி கேட்டார்கள். அந்த வேகத்தில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்துத் தலையாட்டிவைத்தேன்.