வேலை தெரிந்த நாய் வெளியே

பொன்னையா மாஸ்டரின் கைகள் மும்முரமாக இருந்தன. மத்தியானச் சோற்றில் மிஞ்சியதை நெத்தலித் தலையோடு பிசைந்து, பள்ளிக்கூட விறாந்தையில் படுத்துக் கிடக்கும் தெருநாய்களுக்கு உருண்டை பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, நாய் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குள் விடலாமா என்று ஆராயும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போனார்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். 'எனக்குத் தனிப்பட்ட முறையில ஆட்சேபனை இல்ல' என்று தொடங்கும் இனம். இந்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் மட்டுமா? கோயில் கமிட்டி, கல்யாண வீடு, மரண உதவிச் சங்கம், எங்கும் விளையும். வாயால் கதவைத் திறக்கும், முதுகால் சாத்தும்.

விஷயம் சின்னதுதான். ஆறாம் வகுப்பு ஜீவராணிக்கு வலிப்பு. அவள் விழுந்தால் குரைத்து ஆளைக் கூப்பிட்டு, பக்கத்தை விட்டு அசையாமல் இருக்கப் பழக்கிய நாய் ஜிம்மி. அது உள்ளே வந்தால் பிள்ளை படிப்பாள். இல்லாவிட்டால், அம்மா விஜயலெட்சுமி கொழுந்து பறிக்கப் போகும் நாளெல்லாம் லயத்து வீட்டில் பூட்டிக் கிடப்பாள்.

"எனக்கு ஆட்சேபனை இல்லம்மா. ஆனா மத்தப் புள்ளைங்க பயப்படுமே?"

"விறாந்தையில கெடக்குற நாய்ங்களுக்குப் பயப்படலியே, மாஸ்டர்?"

"அதுங்க நம்ம நாய்ங்க. பாவம், ஒரு வேலையும் செய்யாதுங்க."

இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா? அவர் தம் தாராள மனதைத் தாமே வியந்தபடி சுகாதாரம், சரஸ்வதி பூசை, மேலிடத்து அனுமதி என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போக, கூடியிருந்த பெற்றோர் எல்லாரும் கூரையைப் பார்த்தபடி தலையாட்ட, கேட்டுக்கு வெளியே கட்டியிருந்த ஜிம்மி விடாமல் குரைக்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா? இப்பிடிக் குலைச்சா பாடம் நடக்குமா?"

"அது சும்மா குலைக்காதுங்க!" விஜயலெட்சுமி ஓடினாள்.

தண்ணீர்க் குழாயடியில் ஜீவராணி வெட்டி வெட்டி இழுத்துக் கிடந்தாள். கேட்டிலிருந்த நாய் கண்டது, கூட்டத்திலிருந்த ஒருவரும் காணவில்லை. மாஸ்டர் மூச்சிரைக்க வந்து, தம் சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணித்தார்.

"இரும்பு பட்டா நின்னுரும்!"

"சாவிய எடுங்க மாஸ்டர், கையக் கிழிச்சிரும்," என்று வகுப்பாசிரியை ஜெயலெட்சுமி அவரை விலக்கினாள். தாயும் அவளும் பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பி, எச்சில் வெளியே வழிய விட்டு, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்தார்கள். இழுப்பு தானாகத் தணிந்தது.

"சொன்னேன்ல?" மாஸ்டர் சாவியைப் பெருமையோடு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இனி நாய் எதுக்கு? வகுப்புல ஒரு சாவிக்கொத்து போதும்." எல்லாரும் மறுபடி தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மறுநாள் காலை ஆசிரியை ஜெயலெட்சுமி யாரையும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்தாள், ஜிம்மியை உள்ளே கூட்டிவந்தாள், ஜீவராணி உட்காரும் வாங்குக்கு அடியில் படுக்க வைத்தாள். எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை. பத்து மணி வாக்கில் மாஸ்டர் ஒரு பூமாலையோடு வந்தார். ஜிம்மியின் கழுத்தில் போட்டார். போனை நீட்டிப் படம் எடுக்கச் சொன்னார். முந்தின நாள் கூட்டத்தில் கூரையைப் பார்த்தவர்களெல்லாம் முண்டியடித்துப் படத்துக்குள் வந்தார்கள்.

படம் நன்றாக விழுந்திருக்கிறது. பின்வரிசையில் எக்கி நின்று பல்லைக் காட்டுகிற அந்த முகம் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்சம் கிட்ட வாருங்கள், உங்கள் சாயலாக இருக்கிறதே?