கையெழுத்துப் போடாத விமானி

விமானிகளில் மூன்று வகை உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்பவர் ஒரு வகை, போர் விமானம் ஓட்டுபவர் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரும் எப்போதாவது தரையில் இறங்குவார்கள். மூன்றாம் வகை இறங்குவதே இல்லை. விமானப்படை அதிகாரியாகச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் கல்லூரி மாணவர்தான் அவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களை விடமாட்டார்.

நம்மவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதியில் அவருக்கு 'விமானி' என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் எழுந்ததும் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, தலைமேல் அளவுகோலை வைத்து, உட்கார்ந்த உயரத்தைப் பென்சிலால் குறித்து, தொடையின் நீளத்தை அளந்து, விமானி இருக்கையில் கால் அடங்குமா என்று கணக்குப் போட்டு, ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நின்று, எதிர்ச்சாலைப் பேருந்தின் பலகையை ஒரு கண்ணை மூடிப் படித்து முடித்த பிறகுதான் பல் துலக்குவார். சுவரில் இதுவரை எண்பத்தேழு கோடுகள். எல்லாம் ஒரே இடத்தில். இருபது வயதில் வேறெங்கே இருக்கும்?

"மூணு மணிக்கு டீ குடிக்கப் போலாமா?" என்று கேட்டால், "பதினஞ்சு மணிக்கா? சரி" என்பார். வகுப்பின் நடுவே வானத்தில் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து, என்ன விமானம், எத்தனை என்ஜின் என்று அறிவிப்பார். சரியா தவறா என்று சொல்ல அங்கே ஆள் இல்லாதது அவருக்குப் பெரிய வசதி.

எல்லாம் சரி, விண்ணப்பம்? அது நான்கு மாதமாகப் பையில் இருக்கிறது. படிக்கும்போதே கையெழுத்துப் போட வேண்டும். பட்டம் வாங்கியதும் பயிற்சி. பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து வருடம் நடுவில் விலக முடியாது. மூன்று பக்கம் அழகாக நிரப்பிவிட்டார். நான்காம் பக்கத்தில் அவர் கையெழுத்துக்கும் பெற்றோர் கையெழுத்துக்கும் இடம் காலி.

"ஏன்டா இன்னும் போடல?" என்று யார் கேட்டாலும் ஒரே பெருமூச்சு. "நான் ரெடிதான். அம்மா விடமாட்டேங்கறாங்க. ஒரே பையன், பாரு." கேட்டவர்கள் உருகிப்போவார்கள். ஒருத்தி தன் ஆய்வகக் குறிப்பேட்டையே பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுத்தாள்.

கடைசித் தேதிக்கு முந்தைய நாள், அறைத்தோழனுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளால்தான் உலகத்தில் பாதி வம்பு. விமானி குளிக்கப் போயிருந்தபோது அவருடைய அம்மாவுக்கே போன் போட்டுவிட்டான்.

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு அவனைத் தடுக்காதீங்க."

"எதைப்பா?"

அம்மா பள்ளி வேன் ஓட்டுபவர். மாலையில் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு, வேனோடு விடுதி வாசலில் வந்து நின்றார். விமானி முன் இருக்கையில் ஏறினார், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அம்மா கையை நீட்டினார். விண்ணப்பத்தை ஸ்டீயரிங்மேல் விரித்து, பொடி எழுத்துகூட விடாமல் நான்கு பக்கமும் படித்தார். பேனாவை எடுத்தார். போட்டுவிட்டார்.

"அம்மா, பத்து வருஷம்மா. நடுவுல விட முடியாது."

"படிச்சேன்."

"ஆபத்தான வேலைம்மா."

"அதுவும் தெரியும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குடா. ராத்திரி தூக்கம் வருமான்னே தெரியல. ஆனா அது என் பயம். உன் பயத்துக்கு என் பேரை வைக்காதே. போகப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"தெரியலம்மா" என்றார் விமானி. நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. அம்மா அவர் முதுகைத் தட்டி, தாளைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள், ஆள்சேர்ப்பு அலுவலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, விமானி கவுன்ட்டர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டது. குமாஸ்தா அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்க்காத கோணலா? வெளியே வந்தபோது தலைக்குமேல் ஒரு விமானம் போயிற்று. நம்மவர் எத்தனை என்ஜின் என்று சொல்லவில்லை. நேரே விடுதிக்கு நடந்தார். அன்றிலிருந்து டீ மறுபடியும் மூன்று மணிக்கே.

ஆக, மூன்றாம் வகையில் இப்போது ஓர் இடம் காலி. நமக்கென்ன என்று எழுந்து போகப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். உங்கள் மேசை இழுப்பறையில், எல்லாப் பக்கமும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாத தாள் ஒன்று கிடக்கிறதே, அது என்ன? "வீட்டுல விடமாட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறீர்களே, வீட்டில் கேட்டீர்களா?