எங்கள் சிவப்பியை நாய் கடிக்கவில்லை

படித்தவர்களுக்கு வரும் வெட்கம் தனி வகை. மற்றவர்கள் வெட்கப்பட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். காரியம் அத்துடன் முடிந்துவிடும். படித்தவர்களோ வெட்கப்பட்ட விஷயத்துக்கு அழகான வேறு சொற்களைத் தேடத் தொடங்குவார்கள். ஊருக்குக் கேடு அங்கேதான் ஆரம்பமாகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. ஒரு பசுமாட்டையும், ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும், எங்கள் தெருவார் அத்தனை பேரின் வயிற்றையும் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். (முதல் பெண் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். முதல் ஆள்.) சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் என் கால் தரையில் படவேயில்லை. மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டோ, வயல் கூட்டத்து அறிவித்தலோ, எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் உடனே வாசித்துச் சொல்லிவிட மாட்டேன். முதலில் மனதுக்குள் வாசித்து, புருவத்தைச் சுருக்கி, "ம்" என்பேன். அந்த "ம்" முடியும்வரை வாப்பா பேசாமல் நிற்பார்.

என் படிப்பின் பாரத்தை அதிகம் சுமந்தது எங்கள் சிவப்பிதான். சிவப்பி கலப்பினப் பசு. பரீட்சைக்கு நான் எடுத்த பாடங்களில் விவசாய விஞ்ஞானமும் ஒன்று என்பதால் அவள் உடல்நலம் முழுவதையும் பொறுப்பேற்றுக்கொண்டேன். பால் கறக்கும் முன் மடியை வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும் என்றேன். முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். என் வயதைவிட நீண்ட காலம் மாடு கறந்த உம்மா, தன் பழைய கறுப்புச் சட்டையைக் கிழித்து எனக்காக வைத்துக்கொண்டார். மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சிவப்பிக்கு ஒரு குறை இருந்தது. கன்று போட்டு நாளாகியும் மறுபடி சினை பிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு நாம்பனிடம் இரண்டு தடவை விட்டும் பலனில்லை. நாம்பன் என்றால் எங்கள் பக்கத்தில் காளை. நான் புருவத்தைச் சுருக்கினேன். ஊர் நாம்பன் ஒரு பசுவின் நோயை இன்னொரு பசுவுக்குக் காவிச் செல்லும். கல்முனையில் இருக்கும் மிருக வைத்தியக் கந்தோரில் சொன்னால் டொக்டரே வந்து சினை ஊசி போடுவார் என்று வாப்பாவுக்கு விளக்கினேன்.

வாப்பா தாடியைத் தடவினார். "ஒண்ட படிப்ப நம்பி ஒருதரம் பாப்பம். இந்த முறையும் சினை பிடிக்காட்டி ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் குடுத்திருவன். மறுகா ரெண்டு பேரும் அழப்படாது."

அன்று பகல் உம்மா சோறு தின்னவில்லை. வாப்பா வெள்ளாமை வெட்டுக்கு வயலுக்குப் போய், அங்கேயே வாடிக் குடிசையில் தங்கிவிட்டார்.

ஒருநாள் சுபஹு தொழுது முடித்த கையோடு உம்மா என்னை உலுப்பினார். "மகள், எழும்பு. மாடு நாம்பனுக்குக் கத்துது. ஓடிப்போய் டொக்டர்கிட்டச் செல்லிட்டு வா. இண்டைக்குத் தவறினா இன்னும் மூணு கிழமை."

சிவப்பி தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள். வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் இருந்ததில் நல்ல சீத்தைச் சட்டையைப் போட்டு, முக்காட்டைச் சரிசெய்து, பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் முதல் சந்தேகம் வந்தது. போய் என்னவென்று சொல்வது?

உம்மா சொன்னது வீட்டுக் கதை. அதை ஒரு கந்தோரில், ஒரு டொக்டரிடம், ஒரு குமர்ப்பிள்ளை சொல்வதா? புத்தகத்தில் அதற்கு நல்ல சொல் இருந்தது: வேட்கைக் காலம். அந்தப் பக்கம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பாடம் வந்த அன்று எங்கள் சேர், "இத ஊட்டுல வாசிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூடு அமைத்தலுக்குத் தாவிவிட்டார். அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையால் கீழ்க்கோடும் இட்டிருக்கிறேன். ஒரு மனிதர் வாயிலிருந்து வந்து கேட்டதேயில்லை.

கந்தோரின் நீள வாங்கில் ஆண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், கையில் ஆட்டுக்கயிற்றுடன், எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். தினமும் எங்கள் வீட்டுப் பாலில் தேநீர் குடித்துவிட்டுத்தான் அவர் வேறு வேலை பார்ப்பார்.

"என்ன புள்ள, இந்தப் பக்கம்?"

"மாட்டுக்குச் சுகமில்ல" என்றேன். முதல் பொய் அது. மற்றவை தானாக வந்தன.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அண்மையில்தான் மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் மாட்டின் வரலாறு அவருக்குத் தெரியாது. மேசை இருந்ததோ வாங்குக்கு எதிரிலேயே.

"சொல்லுங்கோ பிள்ளை. மாடு என்ன செய்யுது?"

"கத்துது."

"தீன் தின்னுதோ?"

"இல்ல."

"பால்?"

"குறஞ்சிட்டு."

"மற்ற மாடுகளில பாயுதோ?"

பாய்கிறது என்பது எவ்வளவு கௌரவமான சொல்! "ஓம்" என்றேன், நன்றியோடு.

"வீணி கீணி வடியுதோ?"

வடிந்தது உண்மை. வடிந்த இடம் வாய் இல்லை. அதை எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னமோ வடியுது" என்றேன்.

டொக்டர் பேனையை மூடினார். குரல் தாழ்ந்தது. "நாய் ஏதும் கடிச்சதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி, "அப்ப என்னெண்டு நினைக்கிறீர்?" என்று வருமோ என்ற பயம். பின்னால் மோதினார் கனைத்தார்.

"தெரியா" என்றேன்.

பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்குக்கூட நான் அப்படி எழுதியவளல்ல. விடை நன்றாகத் தெரிந்த கேள்விக்கு அப்படிச் சொன்னேன்.

டொக்டரில் எந்தப் பிழையும் இல்லை. நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் எவரும் அதைத்தான் நினைப்பார்கள். மாட்டைத் தனியாகக் கட்டச் சொன்னார். ஒருவரும் கிட்டப் போகவேண்டாம். பகலைக்கு வந்து பார்ப்பதாகவும், பால் குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டுவது நல்லது என்றும் சொன்னார்.

மோதினார் எழுந்து நின்றார். "இண்டைக்குக் காலமக் குடிச்ச பாலும் சேருமா டொக்டர்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஆட்டை வாங்குக்காலில் கட்டிவிட்டுச் சைக்கிளில் பாய்ந்தார்.

என் பஸ் ஆள் சேரும்வரை கல்முனையில் நின்றது. நான் சாய்ந்தமருதில் இறங்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை இல்லாத நேரத்தில் அது கரகரத்தால் எங்கள் ஊரில் மௌத்து, யாரோ இறந்த செய்தி. கடைக்காரர்கள் கை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அலியார் காக்காட ஊட்டு மாட்டுக்கு விசர்நாய் கடிச்சிரிக்கலாமெண்டு டொக்டர் சந்தேகப்படுறார். அந்த ஊட்டுல பால் வாங்கிக் குடிச்ச சகலரும் ஒடனடியா ஆசுபத்திரிக்குப் போகவும். ஆரும் பயப்பட வேணாம்." ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. பிறகு தழுதழுத்த குரலில், "நானும் குடிச்ச."

அலியார் என் வாப்பா; காக்கா என்றால் எங்களில் அண்ணன். எங்கள் வீட்டு முற்றம் பெருநாள் போல நிறைந்திருந்தது. விசர்நாய்க்கடிக்கு அந்தக் காலத்தில் வயிற்றில்தான் ஊசி. குழந்தைகள் வயிற்றைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மூன்று வீடு தள்ளியிருந்த ஆசியா ராத்தா தலையில் கை வைத்திருந்தார்.

"தொப்புளச் சுத்திப் போடுவாங்களாம்கா! எனக்குத் தொப்புள் எங்க இரிக்கெண்டு எனக்கே தெரியா. அவன் எங்கெண்டு தேடிப் போடுவான்?"

சிவப்பி ஒருமுறை கத்தினாள். முற்றம் முழுவதும் வேலிவரை பின்வாங்கியது. "பாத்தியா, பாத்தியா, கண்ணப் பாரு!" என்றார்கள். சிவப்பியைச் சுடத் துவக்கு வைத்திருக்கும் ஒருவரை அழைத்துவர ஆள் போயிருப்பதாக வேலிக்கு அப்பாலிருந்து ஒரு காக்கா அறிவித்தார். என் வயிற்றில் ஊசி இறங்கியது அப்போதுதான்.

உம்மா மட்டும் சிவப்பியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"நாய் கடிக்கல்ல. இது நாம்பனுக்குக் கத்துது. காலம இரிந்து செல்லுறன், ஒருத்தரும் கேக்காங்கல்ல."

"ஒனக்கென்னகா தெரியும்?" என்றார் ஆசியா ராத்தா. "ஒண்ட மகள்தானே டொக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்தாள்? படிச்ச புள்ள பிழையாச் செல்லுவாளா?"

உம்மா என்னைப் பார்த்தார். "நீ அங்க என்னத்தச் செல்லின மகள்?"

"சுகமில்லண்டு."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "வெக்கமா இரிந்தா என்னையும் கூட்டிப் போயிரிக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிவப்பியின் நெற்றியைத் தடவத் தொடங்கினார்.

உம்மாவின் வார்த்தைக்கு அந்த முற்றத்தில் மதிப்பில்லாமல் போனதற்குக் காரணம் நான். வீட்டில் ஒவ்வொரு துண்டுக் கடதாசிக்கும் நான் போட்ட "ம்", கறுப்புத் துணி, சுருங்கிய புருவம் எல்லாம் சேர்ந்து, நான் வாய் திறந்தால் அதுதான் உண்மை என்று தெருவையே நம்பவைத்திருந்தன. அத்தனை பெரிய மதிப்பைச் சேர்த்துவைத்து, அதைச் செலவழிக்க வேண்டிய இடத்தில் "தெரியா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். துவக்குக்காரருக்கு முன் டொக்டர் வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பின்னாலேயே மோதினார். வேலி நெடுக ஆண்கள்.

நான் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். சாதாரணமாகச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மனப்பாடம் மட்டும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குரலில் தொடங்கினேன்.

"டொக்டர், நாய் கடிக்கல்ல. வேட்கைக் காலத்தின் அறிகுறிகள்! பசு அமைதியின்றி அடிக்கடி கதறும்! உணவில் நாட்டம் குறையும்! பால் குறையும்! பிற பசுக்களின் மீது ஏறும், பிற பசுக்கள் தன்மீது ஏற இடங்கொடுக்கும்! பிறப்புறுப்பிலிருந்து தெளிவான சளி போன்ற திரவம் வடியும்! இவ்வேளையில் பசுவைச் சினைப்படுத்தல் வேண்டும்!"

கண்ணைத் திறந்தபோது வேலியில் ஓர் ஆண்கூட இல்லை. அவ்வளவு விரைவாக எங்கள் தெரு ஆண்கள் கலைந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்திருந்தார்கள்.

டொக்டர் சிவப்பியைச் சுற்றி வந்து பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதைக் காலமை சொல்லியிருந்தா ஊசியைக் கையோட கொண்டு வந்திருப்பன்."

"நேரம் போயிட்டா டொக்டர்?"

"இல்லை. பின்னேரம்தான் சரியான நேரம். போய் எடுத்துக்கொண்டு வாறன்." மோட்டார் சைக்கிளில் ஏறியவரிடம் மோதினார் மெல்லக் கேட்டார்: "டொக்டர், அங்க என்ட ஆடு ஒண்டு நிண்டிச்சே?"

ஆபத்து நீங்கியது, ஆனால் ஊரில் பாதி ஆஸ்பத்திரியில் நின்றது. மறு அறிவித்தல் கொடுக்க வேண்டும். மோதினார் தலையைச் சொறிந்தார். "என்னெண்டு அறிவிக்கிற? பள்ளி மைக்குல இதச் செல்லேலுமா?" காலையில் என்னைப் பிடித்த அதே நோய் இப்போது அவரைப் பிடித்திருந்தது. கடைசியில் ஒலிபெருக்கி இப்படிச் சொன்னது: "மாட்டுக்கு நோய் எதுவுமில்ல. மாடு நல்ல சுகத்தோட இரிக்கி. காரணம் தேவையானவங்க அலியார் காக்காட மகளக் கேட்டுக்கோங்க."

கேட்டார்கள். குழாயடியில், கடையில், பஸ்ஸில் கேட்டார்கள். பெண்களுக்கு நானே சொன்னேன். முதல் நாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். போகப்போக அது வெள்ளாமை, மழை என்பதைப் போல ஒரு சொல்லாகிவிட்டது. உம்மாவின் சொல்லையும் புத்தகத்தின் சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பசுவைத்தான் சொல்லின.

மூன்று கிழமை கழித்து, சினை பிடிக்காவிட்டால் அவள் மறுபடி கத்தவேண்டிய அந்த விடியலில், உம்மாவும் நானும் சிவப்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் கத்தவில்லை. வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தாள். வாப்பா அந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வேறு மாட்டில் பங்கு சேர்ந்தார்.

இப்போது நான் ஓர் ஆசிரியை. அந்தப் பாடம் வரும்போது நான் கோழிக்கூட்டுக்குத் தாவுவதில்லை. வீட்டிலோ, யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்தால், வாப்பா இன்றும் கேட்பது ஒன்றுதான்: "நாய் கடிச்சதா, இல்லையா?"

ஆசிரியையாகிச் சில வருடங்களில் எனக்குக் கலியாணம் நடந்தது. நிகாஹ்வுக்கு முன் வாப்பா, சாட்சிகள் இருவருடன் மண்டபத்தில் என் அறை வாசலுக்கு வந்து சம்மதம் கேட்டார். சாட்சிகளில் ஒருவர் மோதினார். எங்களில் மணப்பெண் பதில் சொல்வதில்லை. தலையைக் குனிந்து பேசாமலிருந்தால் அதுவே சம்மதம். நானும் வழக்கப்படி தலையைக் குனிந்தேன்.

வாப்பா நகரவில்லை. "வாயத் துறந்து செல்லு மகள். நீ பேசாம இரிந்தா ஊரெல்லாம் ஊசி போடணும்."

உம்மா முக்காட்டுக்குள் குலுங்குவது தெரிந்தது. நான் நிமிர்ந்தேன்.

"ஓம், சம்மதம்!"

மண்டபத்தில் ஆண்கள் பக்கம் வரை கேட்டிருக்க வேண்டும். பேச்சரவம் சட்டென்று அடங்கியது. மோதினார் திரும்பி நடந்தபடி சொன்னார்: "மைக் தேவல்ல, அலியார்."